ஆரோன் நடந்த பதினைந்து ஆண்டுகள்



தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்கும் போவார்கள். 1718இல் பிரதிஷ்டையான கோயில். மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை அங்கேதான். அவரைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. இன்று ஆரோனைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆரோன் கடலூர்க்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம். 1718இல் ஞானஸ்நானம் பெற்றார். 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டன்ட் திருச்சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆண்டைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எனக்கு நடுவில் கிடக்கும் பதினைந்து ஆண்டுகளின் மேல்தான் கண்.

அந்தக் காலத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், உபதேசியாராக இருந்தார். உபதேசியார் வேலை என்றால் கால் வலிக்கும் வேலை. ஊர் ஊராய் நடக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வேண்டும். திண்ணையில் வழிமறித்து வாதாடுகிறவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு முடியாது. திரும்பி வந்து மிஷனரிகளிடம் விவரம் சொல்ல வேண்டும்: யாரைப் பார்த்தோம், அவர் என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம். இப்படிச் சேர்ந்த விவரங்களில் பல ஜெர்மனியின் ஹாலே நகரம் வரை போய் அச்சேறின. போய்வந்ததை இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போதுதான், எங்கே அவசரப்பட்டோம் என்று நமக்கே தெரியும். ஊழியம் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

சீகன்பால்குவுக்கு இந்த வரிசை தலைகீழ். அவர் பட்டம் பெற்ற பிறகு கப்பலேறியவர். 1706இல் வந்து இறங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அகரம் எழுதிப் பழகினார். பட்டம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும், அந்த மணலில் உட்காராமல் யாரும் தப்பவில்லை.

இன்று செமினரியில் கிரேக்கம் கற்கலாம், பிரசங்கம் செய்யப் பழகலாம். வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒரே மாலையில் காப்பி குடித்துவிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் வருவதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் போடுவது? அதைச் சபை மக்கள் நடுவே, சேகரத்தில்தான் கற்க வேண்டும். மூத்த உபதேசியார் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

நாமோ, அதற்குக் காலம் கொடுக்காமல், புதிதாக மாற்றலாகி வந்த போதகர் ஐயா மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்வதற்குள், "பழைய ஐயா மாதிரி வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தப் பழைய ஐயா வந்த புதிதில் நாம் என்ன சொன்னோம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.