கூலி வாங்காமல் நிமிர்த்திய சுவர்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், புயல் அடித்த ஊருக்குப் போய் வீடு கட்டிக் கொடுக்கிறோம். அதைப் படம் எடுத்துப் போட்டால் என்ன தவறு? பார்த்து இன்னும் நாலு பேர் கொடுப்பார்களே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்துச் செய்வது அதைவிடச் சிறந்தது என்றுதான் குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது. ஆகவே அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் சூராவில் இதற்கான வெளிச்சம் இருக்கிறது. மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் பயணம் செய்து ஓர் ஊருக்கு வருகிறார்கள். பசி. உணவு கேட்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். அதே ஊரில் விழும் நிலையில் ஒரு சுவர். கிழ்ர் (அலை) அதை நிமிர்த்தி வைக்கிறார்கள். நீங்கள் விரும்பியிருந்தால் இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார்கள்.

பிறகுதான் விளக்கம் வருகிறது. அந்தச் சுவர் இரண்டு யதீம் சிறுவர்களுடையது. அதன் அடியில் அவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்களின் தந்தை நல்ல மனிதர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகித் தங்கள் பொருளைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் நாடினான்.

சகோதரர்களே! இந்தச் சம்பவத்தை மத்ரஸாவில் படித்தேன், பலமுறை பயானும் செய்திருக்கிறேன். ஆனால் இதன் பொருள் என் நெஞ்சில் இறங்கியது கஜா புயலுக்குப் பிறகுதான்.

2018 நவம்பர் 16. அன்றும் வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரை வீடுகள் பறந்தன. பிள்ளையைப் போல வளர்த்த தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நேற்றுவரை பத்துப் பேருக்குச் சோறு போட்ட விவசாயி, மறுநாள் நிவாரண வண்டியின் முன்னால் வரிசையில் நின்றார்.

நம் மஹல்லாவிலிருந்தும் ஒரு குழுவாகப் போனோம். வேதாரண்யம் பக்கம் ஒரு சிற்றூரில், கணவனை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுக்குக் கூரை போட்டோம். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. இரண்டு நாள் வேலை. முடிந்ததும் ஜமாஅத் பேனரைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவையும் மகளையும் நடுவில் நிற்கச் சொன்னோம். மகளுக்குப் பதினேழு வயது இருக்கும். அவள் வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள். தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாய், நாளைக்கு இவளைப் பொண்ணு பாக்க வர்றவங்களும் இந்தப் படத்தைப் பாப்பாங்கள்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ஒரு படம்தாம்மா, ஊர்ல கணக்குக் காட்டணும்." அந்தப் பெண்ணை அழைத்து வந்து நிறுத்தினார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. படம் எடுத்தோம், குரூப்பில் போட்டோம். "மாஷா அல்லாஹ்" என்று நிறையப் பேர் எழுதினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கஹ்ஃப் ஓதும்போது அந்தச் சுவர் வந்தது. என்னால் தொடர்ந்து ஓத முடியவில்லை. கிழ்ர் (அலை) நிமிர்த்திய சுவர் யதீம்களின் புதையலை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்தது. அந்தத் தாய்க்கும் மகளுக்கும் புயல் விட்டுவைத்த ஒரே புதையல் மானம். நான் கூரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதைத் திறந்து காட்டிவிட்டேன். கூலி வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிவிட்டேன் சகோதரர்களே, அதுவும் கொடுக்க இயலாதவர்களிடமிருந்து.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சுவர், சிறுவர்கள் பெரியவர்களாகும் வரை நிற்க வேண்டிய சுவர். பார்வைக்கு நிமிர்ந்தால் போதாது. நாங்கள் அவசரத்தில் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிய கூரை அடுத்த ஆடிக் காற்றைத் தாங்கவில்லை. அந்த அம்மாவின் தம்பிதான் தேங்காய் நார்க் கயிற்றால் மறுபடி கட்டியிருக்கிறார். நாங்கள் எடுத்த படம் அப்படியே இருக்கிறது. நாங்கள் போட்ட கூரை இல்லை. அதே ஊரில் வேலையிழந்து உட்கார்ந்திருந்த கொத்தனார்கள், கீற்று முடைகிறவர்கள் இருந்தார்கள். உழைத்தவரின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம் கூலி வாங்கக் கூடாது, ஆனால் அவர்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கியிருந்தால் கூரையும் நின்றிருக்கும், இன்னும் நாலு வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். கணக்கை ஊருக்குக் காட்டுங்கள், அது அமானிதம். எத்தனை கைமரம், எத்தனை கட்டுக் கீற்று, யாருக்கு எவ்வளவு கூலி என்று ரசீதோடு காட்டுங்கள். கட்டிய வீட்டையும் வேண்டுமானால் காட்டுங்கள். வாங்கியவரின் முகத்தைக் காட்டாதீர்கள். முகத்தைப் பார்த்தால்தான் கொடுப்பேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய நிய்யத்தைச் சரிசெய்வது நம் வேலை. அதற்கு ஓர் ஏழைப் பெண்ணின் தலைகுனிவை விலையாகக் கொடுக்க நமக்கு அனுமதி இல்லை.

"அவள் சம்மதித்துத்தானே நின்றாள்" என்று சிலர் சொல்லலாம். கூரை இல்லாதவரிடம், கூரை போட்டவர் கேட்கும்போது, அவரால் மறுக்க முடியுமா? மறுக்க முடியாதவரின் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுமையில் அல்லாஹ்விடம் காட்ட முடியுமா?

அந்த இரண்டு சிறுவர்களுக்கும் தங்கள் சுவரை நிமிர்த்தியது யார் என்று தெரிந்ததாகக் குர்ஆன் சொல்லவில்லை. நன்றி சொன்னதாகவும் இல்லை. சோறு போட மறுத்த ஊரில், பெயர் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டு அந்த நல்லடியார் நடந்துவிட்டார்கள். அல்லாஹ் அறிந்திருந்தான். அது போதுமானதாக இருந்தது.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நம் பிள்ளைகள் மறுபடியும் போவார்கள், போக வேண்டும். கடப்பாறையும் கயிறும் கொண்டு போகட்டும். பேனர் ஊரிலேயே இருக்கட்டும்.

யா அல்லாஹ்! வீடிழந்தோருக்கு உறுதியான வீட்டைத் தருவாயாக! எங்கள் கைகள் கட்டுவதை எங்கள் நாவும் கண்ணும் இடித்துவிடாமல் காப்பாயாக! அறியாமல் நாங்கள் தலைகுனிய வைத்தவர்களின் தலையை இம்மையிலும் மறுமையிலும் நிமிர்த்துவாயாக! எங்கள் குறைகளை மறைத்து, எங்களை மன்னிப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.