அலை யாருக்குச் சொந்தம்?



காணிக்கு எல்லைக்கல் நாட்டியும் வேலிக்குக் கதியால் போட்டும் பழகிய மக்கள் நாம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். நிலத்தின் நான்கெல்லையும் சொல்லி முடித்தபின், கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் எப்படி என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். பங்குக் கிணற்றின் இறைப்பு முறை தவறியதால் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்த சகோதரர்களையும் நாம் அறிவோம். இத்தகைய நம்மிடம் ஒருவர் வந்து, 'கடலில் எழும் அலை யாருக்குச் சொந்தம்?' என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரக்கூடும். ஆயினும் அந்தக் கேள்வியை நாள்தோறும் மெய்யாகவே கேட்கும் ஓர் இடம் நமது நாட்டில் உண்டு.

அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குத் தெற்கே உல்லைக் கிராமத்தை அணைத்துக் கிடக்கும் அறுகம்குடாவே அவ்விடம். சித்திரை, வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை, சேர்பிங் எனப்படும் அலைச்சறுக்குக்காகப் பல நாட்டவரும் அங்கு வந்து குவிகின்றனர். தெற்கே, இந்து சமுத்திரத்தின் குளிர்ந்த கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து இந்தக் குடாவுக்குள் வந்து உடைகின்றன. உடையும் இடத்திலோ நீர் இளஞ்சூடானது. ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ். குடாவின் தென்முனையில் தேர்ந்தவர்களுக்கான அலை. உள்ளே மணல் தரையில் உடையும் சிறிய அலைகளில் புதியவர்கள் பழகுகின்றனர்.

அலை பயணம் செய்கிறது என்கிறோம். உண்மையில் நீர் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. புயல் கொடுத்த வேகமே நீரினூடாகக் கடத்தப்பட்டு வருகிறது. கரையை அண்மித்து ஆழம் குறைந்ததும் அலையின் அடி தரையில் தடைப்பட, முடி முன்னோக்கிச் சரிந்து உடைகிறது. அந்தச் சில விநாடிகளே சறுக்குபவருக்குக் கிடைப்பவை. அந்த அலையை உண்டாக்க எவரும் உழைக்கவில்லை; எவராலும் அதைச் சேமித்து வைக்கவும் இயலாது. உழைப்பால் வந்த உரிமை, முதுசமாக வந்த உரிமை, விலை கொடுத்து வாங்கிய உரிமை என்று நாம் அறிந்த உரிமைகளுள் எதுவும் அதன்மேல் ஒட்டாது.

ஆனால் அதற்காக நீதி அங்கே தேவையில்லை என்று ஆகிவிடாது. அலைகள் முடிவற்று வருகின்றன, அதற்கு ஏன் சண்டை என்று கரையில் நிற்பவர் நினைப்பார். நல்ல அலைகள் கூட்டமாக வரும். பின்னர் சில நிமிடங்கள் கடல் சும்மா கிடக்கும். காத்திருப்போர் பலராகவும் அலைகள் சிலவாகவும் இருக்கும்போது நீதியின் கேள்வி தானாகவே எழுகிறது. ஆகவே சறுக்குவோர் தமக்குள் ஒரு விதியை வகுத்துள்ளனர். அலை முதலில் உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அண்மையில் இருப்பவருக்கே அந்த அலை. மற்றவர்கள் விலகிவிட வேண்டும். ஒருவர் ஏறிவிட்ட அலையில் அவருக்கு முன்னே குறுக்கிட்டு ஏறுவது பெருங்குற்றம். பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, எழுதிய உறுதியும் இல்லை. இருந்தும் உலகத்தின் பல கரைகளில் இவ்விதி பெரும்பாலும் கைக்கொள்ளப்பட்டு வருகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பொத்துவிலில் வாழும் ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவரின் அழைப்பை ஏற்று இரண்டு நாட்கள் அங்கு தங்கியிருந்தேன். காலை வேளையில் மணலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்சி என் கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் பலகைகளில் அமர்ந்து அலைக்காகக் காத்திருந்தனர். அவர்களுள் பதினான்கு வயது மதிக்கத்தக்க ஊர்ச் சிறுவன் ஒருவன். அவனது பலகை பல இடங்களில் ஒட்டுப்போட்டது. அவர்களுக்கு அப்பால், நீண்டு அகன்ற பலகையின்மேல் துடுப்புடன் நின்றுகொண்டிருந்தார் ஒரு வெளிநாட்டவர்.

துடுப்புப் பலகையில் நிற்பவருக்கு மூன்று வசதிகள் உண்டு. நின்றுகொண்டிருப்பதால் வரும் அலையை முன்னதாகவே காண்கிறார். துடுப்பு இருப்பதால் விரைந்து இடம் மாறுகிறார். பலகை பெரிதாகையால் அலை செங்குத்தாக எழுமுன்னரே, இன்னும் வெளியே வைத்து அதில் ஏறிவிடுகிறார். அரை மணி நேரத்தில் அந்த மனிதர் நல்ல அலைகள் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். சிறுவன் கையால் நீரைத் தள்ளித் தள்ளி முயன்றான். அவன் தலையை உயர்த்தும்போதெல்லாம் அலையின்மேல் அவர் ஏற்கனவே நின்றார். அவனுக்கு ஓர் அலைகூடக் கிடைக்கவில்லை.

அருகில் நின்ற பயிற்றுநரான இளைஞரிடம், "ஏன் தம்பி, ஒருவரும் அவரைத் தடுக்க மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

"முறைப்படி பார்த்தா அவர் பிழை ஒண்டும் விடல்ல ஃபாதர். முதல்ல ஏறினவர் அவர்தானே. ஆனா..." என்று இழுத்தார் அவர். அந்த 'ஆனா' என்பதற்கு அப்பால் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வாசகரே, அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

விதியை மீறுபவனை அநீதன் என்று சொல்வது எளிது. விதியைச் சிறிதும் மீறாமல், அடுத்தவனுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காதவனை என்னவென்று சொல்வது?

இது கடலுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பங்குக் கிணற்றுக்கே மீண்டும் வருவோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒருவருக்கு அரை நாள் முறை என்றால், அந்த அரை நாளில் ஒரு மனித உடல் எவ்வளவு இறைக்குமோ அவ்வளவுதான் அவரது பங்கு. நேரத்தை அளந்தால் நீரையும் அளந்தது போலாயிற்று. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வசதியுள்ளவர் அதே அரை நாளில் கிணற்றை அடிமட்டம் வரை வற்றச் செய்தார். அவர் முறை தவறவில்லை. ஒரு நிமிடமும் மிகுதியாக எடுக்கவில்லை. ஆனால் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள்ளே மழையின் நன்னீர், உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகவே தங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைக்க, கீழிருந்து உவர் ஏறியது. பல கிணறுகள் இவ்வாறு பழுதாயின. இயந்திரம் வைத்திருந்தவரின் கிணறும் அவற்றுள் அடங்கும்.

இரண்டிலும் நடந்தது ஒன்றே. விதி உண்டானபோது எல்லோருடைய பலமும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. கையால் நீந்துபவர்களுக்கென்று வகுத்த விதி துடுப்பை எண்ணவில்லை. துலாவுக்கென்று வகுத்த முறை இயந்திரத்தை எண்ணவில்லை. ஒருவருடைய பலம் மட்டும் பெருகியபோது விதி பழைய இடத்திலேயே நின்றது. அத்தகைய வேளையில் விதியைக் கைக்கொள்வது மட்டும் நீதியாகிவிடாது. எவனிடம் பலம் மிகுந்ததோ, அவன் பிறர் கேட்குமுன்னே தன் கையைத் தானே மடக்கிக்கொள்ளவேண்டும். இதை நாம் பெருந்தன்மை என்று அழைக்கின்றோம். நான் அதை நீதியின் எஞ்சிய பாதி என்றே கருதுகிறேன்.

நமது கரையோர மக்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். கரைவலைத் தொழிலில் 'பாடு' என்றொரு சொல் உண்டு. வலை வளைத்து இழுப்பதற்குரிய இடத்தை அது குறிக்கும். ஒரே பாட்டில் பல வலைகள் இருந்தால் முறை வைத்தே கடலில் இறங்குவர். நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை கொண்டு இறால் பிடிக்கும் கத்தோலிக்க மீனவர்களும், நல்ல பாடு என்றும் ஒருவர் கையிலேயே நில்லாதபடி சீட்டுப் போட்டும் முறை மாற்றியும் பகிர்ந்து வந்துள்ளனர். வலியவனே முந்துவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதனால்தான் முந்தியவனுக்கே என்று விட்டுவிடாமல் முறை வைத்தனர்.

பயணியாகச் செல்பவருக்கு இன்னுமொரு கடமை உண்டு. அவர் விருந்தாளி. விருந்தாளி எப்படியெல்லாம் தவறலாம் என்பதற்கு அலைச்சறுக்கின் தாயகமாகிய ஹவாய்த் தீவுகளே சாட்சி. அங்கே அரசரும் குடிமக்களும், ஆண்களும் பெண்களும் அலையேறி மகிழ்ந்தனர். 1820ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புரட்டஸ்தாந்து மிஷனரிமார் அங்கு வந்திறங்கினர். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த தொண்டர்களை அனுப்பிய அதே சங்கமே அவர்களையும் அனுப்பியது. அவர்களுள் பலர் இவ்விளையாட்டை வீண்பொழுது என்றும் ஒழுக்கக்கேடு என்றும் கண்டித்தனர். பிறநாட்டார் கொண்டுவந்த நோய்களால் மக்கள் தொகை வெகுவாகக் குறைந்ததும் சேர்ந்துகொள்ள, அந்நூற்றாண்டின் முடிவில் அலைச்சறுக்கு அருகிப்போயிற்று. நல்ல நோக்கமுடையவர்களும் தம் கையிலிருந்த அதிகாரத்தின் பாரத்தை உணராவிடில் இப்படி ஆவதுண்டு. மறைப்பணியில் உள்ள நாங்கள் இதைத் தாழ்மையோடு நினைவிற் கொள்ளவேண்டும்.

அதே ஹவாய் மண்ணில் பிறந்த டியூக் கஹனமோக்கு, 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் 100 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றவர். 1914-15 கோடையில் அவர் அவுஸ்திரேலியாவுக்கு விருந்தாளியாகச் சென்றார். சிட்னி நகரை அடுத்த பிறெஷ்வோட்டர் கடற்கரையில், அந்நாட்டிலேயே பெற்ற மரத்தில் ஒரு பலகை செய்து, அலையேறிக் காட்டினார். அந்தப் பலகையை அங்கேயே விட்டுச் சென்றார். இன்றும் அது அக்கடற்கரையில் காக்கப்பட்டு வருகிறது. விருந்தாளி ஒருவர் எதை எடுத்துச் சென்றார் என்பதைவிட எதை விட்டுச் சென்றார் என்பதே நிலைத்து நிற்கிறது.

அப்படியானால் அலை ஊரவருக்கே சொந்தம், வந்தவர் ஒதுங்கட்டும் என்று சொல்லலாமா? சில நாடுகளில் அப்படிச் சொல்லிப் பயணிகளை அடித்து விரட்டும் கூட்டங்களும் உண்டு. அது தவறு. கரையில் பிறந்ததால் எவரும் அலையைப் படைத்தவர் ஆகார். ஆனால் கடலின் இன்பத்துக்காக வருபவரும், கடலின் துன்பத்தையும் சேர்த்துச் சுமப்பவரும் ஒரே நிலையில் இல்லை என்பதை மறக்கலாகாது. 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டில், கரையோரத்தில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டலாகாத வலயமாக அறிவிக்கப்பட்டன. அறுகம்குடாவைப் பெரிய சுற்றுலா நகராக்கும் திட்டமும் அதே காலத்தில் வெளிவந்தது. வீடிழந்த மீனவர் கரையை விட்டு அகலவேண்டும், விடுதிகள் கரைக்கு வரலாம் என்பதா என்று அம்மக்கள் வீதியில் இறங்கிக் கேட்டனர். பின்னர் வலய விதி தளர்த்தப்பட்டது. அலைக்கு உறுதி எழுத முடியாது. அலையைப் பார்த்திருக்கும் மணலுக்கு எழுத முடியும். அங்கேயும் பலமுள்ளவர் முந்திக்கொள்வது எளிது.

இன்று உல்லை இளைஞர் பலருக்கு அலைச்சறுக்கே வாழ்வளிக்கிறது. 2018இல் அவ்வூர்ப் பெண்களும் தமக்கென ஒரு சறுக்குக் கழகம் அமைத்தனர். பயணிகள் வருவது நல்லது. ஆனால் வாரக்காலம் தொடங்கியதும் பயணிகள் போய்விடுவர். ஊரவர் அந்தக் கடலோடு இருப்பர். இதை அறிந்து நடப்பவரே நல்ல விருந்தாளி.

வாசகரே, பிறரைப் பற்றி இவ்வளவு எழுதியபின் என்னைப் பற்றியும் சொல்லாவிடில் அது நேர்மையாகாது. அறுகம்குடாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், ஒரு வைத்தியசாலையில் மருந்துக்காக வரிசையில் நின்றேன். வெள்ளை அங்கியைக் கண்ட ஊழியர் ஒருவர், "நீங்கள் முன்னுக்கு வாங்கோ ஃபாதர்" என்றார். வரிசையில் நின்றவர்களும் மரியாதையோடு வழிவிட்டனர். நான் சென்றேன். யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை, அழைத்தார்கள், போனேன். மருந்துடன் திரும்பும்போது, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி ஒரு தாய் அதே இடத்தில் நிற்பதைக் கண்டேன். அப்போதுதான் அந்த நீண்ட பலகையும் துடுப்பும் என் நினைவுக்கு வந்தன. என் அங்கியே என் துடுப்பாக இருந்தது.

உங்களிடமும் ஏதாவதொரு துடுப்பு இருக்கும். படிப்பாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமாக இருக்கலாம், கந்தோரில் தெரிந்தவர் இருப்பதாக இருக்கலாம். அதை எறிந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் முறை வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்த ஒவ்வொரு முறையும் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட பலகையோடு ஒருவன் காத்திருந்தால், அடுத்த அலையை அவனுக்கு விடுங்கள். அவன் கேட்க மாட்டான். விதியும் உங்களைக் கேட்காது. ஆகவேதான் அது உங்கள் கடமையாகிறது.