பாதி விலைக் குட்டியின் மீதி விலை

1989ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் அமைப்பில் குட்டிகளை உருவாக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து அவருக்கு ஒரு கோரிக்கை வருகிறது. பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும். ஆனால் அவருடைய கணவருக்கு நாய் என்றாலே அலர்ஜி. பூடில் அதிகம் முடி கொட்டாத இனம் என்பதால் கான்ரன் முதலில் பல பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில் ஒரு லேப்ரடாரையும் ஒரு ஸ்டாண்டர்டு பூடிலையும் இணைசேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. மூன்றில் ஒன்று அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

கதையின் முக்கியமான இடம் இதுவல்ல. வழிகாட்டி நாய்க்குட்டிகளைப் பயிற்சிக்கு முன்பு சில மாதங்கள் வீட்டில் வைத்து வளர்த்துத் தர ஆர்வமுள்ள குடும்பங்கள் வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களின் காத்திருப்புப் பட்டியலே கான்ரனிடம் இருந்தது. ஆனால் இந்தக் குட்டிகளை எடுத்துக்கொள்ள ஆளில்லை. கலப்பு நாயா, வேண்டாம் என்றார்கள். கான்ரன் விளம்பரப் பிரிவுக்குப் போய், புதுவகை வழிகாட்டி நாய் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம், அதற்கு 'லேப்ரடூடில்' என்று பெயர், அலர்ஜி தராது என்று அறிவிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை.

யோசிச்சுப் பாருங்க. அதே மூன்று குட்டிகள். அதே காது, அதே வால், அதே பசி. நேற்று யாருக்கும் வேண்டாம். இன்று எல்லோருக்கும் வேண்டும். இடையில் மாறியது ஒரு சொல்தான்.

இன்று இந்தப் பெயர் வரிசை நீளமானது. காக்கர் ஸ்பானியலோடு சேர்ந்தால் காக்கபூ, கேவலியரோடு சேர்ந்தால் கேவபூ, கோல்டன் ரெட்ரீவரோடு சேர்ந்தால் கோல்டன்டூடில். 2020 லாக்டவுனில் பிரிட்டனில் இந்தக் குட்டிகள் இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டி விலைபோயின. கான்ரனோ 2019இல் ஆஸ்திரேலிய வானொலிப் பேட்டி ஒன்றில் தான் தொடங்கி வைத்ததை எண்ணி வருத்தப்பட்டார். காசு வருகிறது என்று கண்டபடி இணைசேர்த்துக் குட்டி உருவாக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம்.

இந்தப் பின்னணியில் ஒரு சாதாரண ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். வாடகை வீடு, கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் சம்பளம். காக்கபூ குட்டி ஒன்று வேண்டும். கையில் இருப்பது 600 பவுண்ட். ஒரு விளம்பரம் 1,500 கேட்கிறது. இன்னொன்று 500 கேட்கிறது. படத்தில் இரண்டு குட்டிகளும் ஒரே மாதிரி டெடி பொம்மை முகத்தோடு பார்க்கின்றன. எதை வாங்குவது?

இதில் தத்துவம் எங்கே வந்தது, விலை குறைந்ததை வாங்க வேண்டியதுதானே என்று தோன்றலாம். ஒரு செருப்பு வாங்குவதாக இருந்தால் அதுவே சரி. ஆனால் எந்தப் பொருளாக இருந்தாலும் விலை குறைகிறது என்றால் எங்கோ ஒரு செலவு குறைந்திருக்கிறது. ஒரு நாய்க்குட்டியின் விலைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்? இணைசேர்ப்பதற்கு முன்பு தாய், தந்தை இரண்டுக்கும் பரிசோதனை. பூடிலிலும் காக்கரிலும் பார்வையை மெல்லப் பறிக்கும் விழித்திரை நோய் பரம்பரையாக வருவதுண்டு. அதை மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கலாம். சிறிய பூடில்களுக்கு முழங்கால் சில்லு நழுவும். கேவலியர் என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பிறகு தாயின் சாப்பாடு, பிரசவச் செலவு, எட்டு வாரம் குட்டிகளின் பராமரிப்பு, தடுப்பூசி, மைக்ரோசிப். இவற்றோடு, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே தாய்க்குக் கொடுக்கும் ஓய்வு. அந்த ஓய்வும் செலவுதான், ஏனென்றால் அந்த மாதங்களில் அவள் சம்பாதித்துத் தரமாட்டாள்.

500 பவுண்ட் குட்டியில் இவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். விடுபட்ட செலவு மறைந்து போய்விடாது. வேறு யாரோ கட்டுகிறார்கள். பெரும்பாலும் கட்டுவது கொட்டகையில் கிடக்கும் தாய்நாய், தன் உடம்பால். மிச்சத்தைக் குட்டி கட்டுகிறது, பின்னாளில், தன் கண்ணால், மூட்டால். வாங்குகிறவருக்குக் கிடைத்த தள்ளுபடி, பேசத் தெரியாத இரண்டு உயிர்களின் கணக்கில் கடனாக எழுதப்படுகிறது.

அதற்காக 1,500 கேட்கிறவர் யோக்கியர் என்று அர்த்தமில்லை. பெயருக்கும் படத்துக்கும் மட்டுமே அந்த விலையைக் கேட்கிறவர்களும் உண்டு. குறைந்த விலை ஒரு எச்சரிக்கை. அதிக விலை எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் கேள்வி விலையோடு முடிவதில்லை.

இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய நூலில் உலகத்தில் உள்ளவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, விலை உள்ளது: அதற்கு ஈடாக இன்னொன்றை வைத்துவிடலாம். மற்றது, ஈடு வைக்க முடியாதது. அதற்கு இருப்பது மாண்பு. காண்ட் நாயை முதல் வகையில்தான் வைத்தார். நாயிடம் கொடுமையாக நடக்கிறவன் மனிதரிடமும் அப்படி நடக்கப் பழகிவிடுவான் என்பதே அவருடைய கவலை. நாய்க்காக அல்ல, நமக்காக. நான்கே ஆண்டுகள் கழித்து, 1789இல், ஜெரமி பெந்தம் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்று ஏன் கேட்கிறீர்கள், அதற்கு வலிக்குமா என்று கேளுங்கள் என்றார். நம் காலத்தில் கிறிஸ்டின் கோர்ஸ்கார்ட் 2018இல் வெளிவந்த தன் நூலில் காண்டின் பாதையிலேயே போய் எதிர் முடிவுக்கு வருகிறார். ஒரு விலங்குக்கும் தன் வாழ்க்கை நல்லதாகவோ கெட்டதாகவோ அமைகிறது. அப்படி அமையக்கூடிய எதுவும் பிறருடைய கருவி மட்டுமே ஆக முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

நாய்க்குட்டிச் சந்தையின் விசித்திரம் என்னவென்றால், இந்த இரண்டு பார்வையும் ஒரே மனிதருக்குள் அடுத்தடுத்த நாளில் நடக்கும். வாங்கும் நாள் வரை அது விலை உள்ள பொருள்: ஒப்பிடுவோம், பேரம் பேசுவோம், நிறம் கேட்போம். வீட்டுக்கு வந்த மறுநாள் அதற்கு ஈடே கிடையாது. பத்தாயிரம் பவுண்ட் தருகிறேன் கொடு என்றால் அடிக்கப் போவோம். குட்டி மாறவில்லை, நம் கண்தான் மாறியது. அப்படியானால் முந்தின நாளும் அது ஈடில்லாததாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் இன்னும் இருக்கும் அதன் தாயும்தான்.

சரி, அடுத்த முடிச்சு இன்னும் கடினமானது. மோசமான இடம் என்று தெரிந்தே ஒருவர் போய்ப் பார்க்கிறார். ஒரு குட்டி கண் பீளையோடு மூலையில் சுருண்டு கிடக்கிறது. விட்டுவிட்டு வர மனம் வருமா? நாம வாங்கலைன்னா அது செத்துப் போயிடும் என்ற எண்ணம் வரும். அது பொய்யும் அல்ல. ஆனால் விற்கிறவனுக்கு உங்கள் ஆசையும் இரக்கமும் ஒரே நோட்டுத்தான். நீங்கள் கொடுத்த 500 பவுண்ட், அந்தத் தாயின் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பணம். ஒரு குட்டியைக் காப்பாற்றி அடுத்த ஐந்தை உருவாக்கச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதற்குச் சுத்தமான விடை இல்லை. வாங்காமல் திரும்பி, உள்ளாட்சி மன்றத்துக்கோ விலங்கு நல அமைப்புக்கோ புகார் கொடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் சரியானதைச் செய்தவருக்கு நிம்மதியான தூக்கம் வரும் என்று யார் சொன்னது? பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: இரண்டு கடமைகள் மோதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தோற்றுப்போன கடமை காணாமல் போய்விடுவதில்லை, ஒரு மிச்சமாக நமக்குள் இருக்கும். அந்தக் குட்டியின் முகம் அப்படி ஒரு மிச்சம். அது உறுத்தினால் நாம் தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை.

சட்டம் இந்த முடிச்சை வேறு முனையில் பிடித்தது. வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் லூசி என்ற கேவலியர் மீட்கப்பட்டது. அடுத்தடுத்துக் குட்டி போட்டே உடம்பு சிதைந்திருந்த நாய் அது. அதன் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்கக்கூடாது. வாங்குகிறவர் குட்டியை அது பிறந்த இடத்தில் தாயோடு பார்க்க வேண்டும். எளிய விதிதான். ஆனால் எந்த உயிரை மறைத்ததால் இந்தச் சந்தை நடந்ததோ, அந்த உயிரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அப்ப காசு இல்லாதவங்க நாய் வளர்க்கவே கூடாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "செலவு பண்ண முடியலைன்னா எதுக்கு நாய்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் செலவு பண்ண முடிந்தவர்கள்தான். நாயின் துணை வசதியானவர்களுக்கு மட்டும் என்றால், தனிமையில் அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே கதவைச் சாத்துகிறோம். 1917இல் மரியா டிக்கின் என்ற பெண் லண்டனின் ஏழைகள் வாழ்ந்த ஒயிட்சேப்பல் பகுதியில், ஒரு நிலவறையில், ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். உனக்கெதற்கு நாய் என்று அவர் கேட்கவில்லை. கூட்டி வா என்றார். அன்று தொடங்கிய பி.டி.எஸ்.ஏ. இன்றும் வருமானம் குறைந்தவர்களின் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறது.

ஆகவே ஏழைக்கும் நாயை நேசிக்க உரிமை உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட முகமுள்ள நாயைக் குறைந்த விலையில் அடைய யாருக்கும் உரிமை இல்லை, பணக்காரருக்கும் இல்லை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது ஓர் உயிரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை. இரண்டாவது ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் அதன் செலவை இன்னொருவர் தலையில் கட்டும்போது தப்பாகிறது.

பூடில் கலப்புதான் வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களையும் கொஞ்சம் பார்க்கலாம். அலர்ஜி தராது என்பது முதல் காரணம். நாய் அலர்ஜியைத் தூண்டும் புரதம் அதன் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான். 2011இல் அமெரிக்காவிலும் 2012இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள், 'அலர்ஜி தராத' இனம் என்று ஒன்றைச் சொல்ல ஆதாரம் இல்லை என்றே முடித்தன. கான்ரனின் குட்டிகளிலேயே மூன்றில் ஒன்றுதானே ஒத்துக்கொண்டது! கலப்பு என்றால் ஆரோக்கியம் என்பது இரண்டாவது காரணம். காக்கபூ, லேப்ரடூடில், கேவபூ மூன்றையும் அவற்றின் தாய் தந்தை இனங்களோடு ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வு, பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை என்றது. முடி கொட்டாது என்பது மூன்றாவது. கொட்டாத முடி சிக்குப் பிடிக்கும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். ஒரு தடவைக்கு 50 பவுண்ட், வருடத்துக்கு எட்டு தடவை என்று வைத்தாலே 400. பன்னிரண்டு வருடத்துக்கு 4,800. வாங்கும்போது மிச்சம் பிடித்த ஆயிரம் இதன் முன்னால் எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, பூடில் தண்ணீரில் இறங்கி வேட்டைப் பறவையைக் கவ்வி வருவதற்காக ஜெர்மனியில் உருவான நாய். அந்த டெடி பொம்மை முகத்துக்குப் பின்னால் வேலை கேட்டுக்கொண்டே இருக்கும் மூளை இருக்கிறது.

காரணங்கள் உதிர்ந்த பிறகு மிஞ்சுவது, எனக்கு அந்த முகம் பிடிச்சிருக்கு என்பது மட்டும். அது போதுமான காரணம்தான், நேர்மையாகச் சொன்னால். காசு குறைவாக இருப்பவரிடம் இன்னொரு செல்வம் இருக்கலாம்: காத்திருக்கும் நேரம். லாக்டவுனில் வாங்கப்பட்டு, அலுவலகம் திறந்ததும் வேண்டாமென்று விடப்பட்ட நாய்களில் பூடில் கலப்புகளும் உண்டு. காப்பகத்தில் கட்டணம் குறைவு. தடுப்பூசி, கருத்தடை பெரும்பாலும் முடிந்திருக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் சில காப்பகங்கள் எளிதில் தருவதில்லை என்பதும் உண்மை. அலைய வேண்டியிருக்கும். குட்டியாகக் கிடைக்காமல் மூன்று வயது நாயாகக் கிடைக்கும். பெயரில்லாத கலப்பாகவும் இருக்கும், கான்ரன் பெயர் வைப்பதற்கு முந்தின நாள் அந்த மூன்று குட்டிகள் இருந்ததைப் போல.

மகாபாரதத்தின் முடிவில் தருமனோடு சொர்க்கத்தின் வாசல்வரை போவது ஒரு நாய். அதை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. இனம் பார்க்கவில்லை. அது கூட நடந்து வந்தது. அதனால் அதை விட்டுவிட்டு உள்ளே போக அவனால் முடியவில்லை. எல்லோரும் தருமனாக முடியாது. நமக்குத் தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருக்கிறது, பட்ஜெட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் உறவின் பெறுமதி தேர்வில் இல்லை, தேர்வுக்குப் பிறகு விட்டுப்போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று அந்தக் கதை சொல்கிறது. அந்தப் பகுதிக்குக் காசு குறைவு ஒரு தடை அல்ல.

அப்படியும் குட்டிதான் வாங்கப் போகிறேன் என்பவருக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை. குட்டிகளை அப்புறம் பாருங்கள். அவை எல்லாமே அழகாகத்தான் இருக்கும், எந்த முடிவும் எடுக்க விடாது. முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அவள் கண்ணையும், நடையையும், ஆள் பக்கத்தில் வந்தால் பயந்து ஒடுங்குகிறாளா என்பதையும் நின்று பாருங்கள். தள்ளுபடியின் மீதியைக் கட்டிக்கொண்டிருப்பது அவளா என்று அங்கேயே தெரிந்துவிடும்.