கூட்டுக்குரலில் கரையும் ‘நான்’

பெங்களூரின் ஏஞ்சல் டஸ்ட் ராக் குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர் ரிக்கி கேஜ். தி போலீஸ் குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘டிவைன் டைட்ஸ்’ 2022-இல் கிராமி விருது பெற்றது. அதே கோப்லாண்ட், ஆங்கிலக் கவிஞர் மில்டனின் சமயக் காவியத்தை எடுத்து ‘சேட்டன்ஸ் ஃபால்’ என்ற ஆரட்டோரியோவைப் பாடகர் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதினார். ராக் மேடையில் பழகிய கை இறைப்பொருளைத் தொடலாமா என்று கேட்பவர்களின் கவலை அற்பமானதல்ல. ராக் ‘நான்’ என்று முழங்குவது. பக்தியோ அந்த ‘நான்’ கரைய வேண்டும் என்கிறது.

ஆனால் கூட்டுப்பாடலின் இலக்கணமே அந்தக் கரைதலைக் கட்டாயமாக்குகிறது. நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பிடிக்கும்போது பாடகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுப்பதில்லை. பக்கத்திலிருப்பவர் பாடிக்கொண்டிருக்கையில் ஒருவர் ஓசையின்றி விலகி, மூச்சு வாங்கி, மெல்லத் திரும்பச் சேர்கிறார். யார் நிறுத்தினார் என்பது கேட்பவருக்குத் தெரியாது, ஸ்வரம் அறுபடாது. இத்தகைய கூட்டுக்குரலுக்காக எழுதுபவர், பழைய மேடைப் பழக்கம் எதுவானாலும், தனிக்குரலின் பெருமையை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

இளையராஜா 2005-இல் வெளியிட்ட ‘திருவாசகம்’ இன்னும் கூர்மையான மறுப்புக்கு இடம் தருகிறது. மாணிக்கவாசகரின் அழுகை ஒற்றை மனிதனுடையது. புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவின் பெருக்கில் அது மூழ்காதா? சில இடங்களில் மூழ்கத்தான் செய்கிறது. ஆயினும் மாணிக்கவாசகரின் அதே திருவாசக நூலில் உள்ள திருவெம்பாவை, பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பி, கூடிப் பாடுவதாகவே அமைந்தது. தனிமையின் கண்ணீரை எழுதியவரே கூட்டுக்குரலையும் எழுதியிருக்கிறார்.