குறைந்த ஒளியில் ஒரு தீர்ப்பு

ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டுவதற்கு நாம் எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும்? பழங்காலக் காமிராவில் இரவுப் படம் எடுப்போரின் கலை இவ்வினாவுக்குச் சிறந்ததொரு விளக்கம் தருகிறது.

துருத்தி போல் மடங்கும் பழைய காமிராக்களில் பலவற்றின் லென்ஸ் மிகுதியான ஒளியை உள்ளே விடாது. தெருவிளக்கின் வெளிச்சத்தில், 400 வேகமுள்ள பிலிமுக்கு 1/4 விநாடி தேவைப்படுமிடத்து, 3200 வேகமுள்ள பிலிமுக்கு 1/30 விநாடி போதும். ஆனால் இவ்விரைவுக்கு விலையுண்டு. படம் பொரிபொரியாகத் தோன்றும். மேலும், இல்போர்டு நிறுவனத்தின் டெல்டா 3200 பிலிமின் முறைப்படி அளந்த வேகம் 1000 தான். கழுவும் ரசாயனத்தில் கூடுதல் நேரம் வைத்தே அதனை 3200க்கு உயர்த்துகின்றனர். அப்போது வெளிச்சப் பகுதி மேலும் வெளுக்கும். நிழலோ கருமையாகவே நிற்கும். விழாத ஒளியை எந்த ரசாயனமும் படைப்பதில்லை.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. அக்காமிராக்களின் முதுகில், சுருளின் எண்ணைப் பார்ப்பதற்குச் சிவப்புச் சாளரம் ஒன்று இருக்கும். சிவப்பொளியை உணராத பிலிம்கள் வழங்கிய காலத்து ஏற்பாடு அது. இன்றைய வேகப் பிலிமோ சிவப்பையும் உணரும். சாளரத்தை மூடி வைக்காவிடில், அவ்வழியே கசியும் ஒளி படத்தைப் பாழாக்கக்கூடும். முன்வழி வந்த ஒளி எது, பின்வழி கசிந்தது எது எனப் பிலிம் பிரித்தறியாது.

பஸராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலில், கண் பிழைபடும் காரணங்களுள் ஒளிக்குறைவையும் நேரக்குறைவையும் சேர்த்தே எண்ணினார். உள்ளத்தின் பார்வைக்கும் இது பொருந்தும். அரைகுறையாய்க் கண்டதைக் கொண்டு விரைந்து முடிவு கட்டுவோரைக் கூரிய மதியினர் என்று புகழ்கிறோம். அவரோ தாம் அறியாத பகுதியையெல்லாம் கருமையாக்கிவிடுகிறார். புறம் பேசுதல் என்னும் பின்சாளரத்தின் வழியே வந்ததையும் கண்ணால் கண்டதாகவே பதிந்து கொள்கிறார். ஒரு பெண்ணின் மணப்பேச்சு முறிகிறது. ஒரு வணிகரின் நாணயம் கெடுகிறது. படம் பிழைத்தால் போவது ஒரு சுருள். இங்கே போவது ஒரு குடும்பத்தின் மானம்.

அவ்வாறாயின் முடிவே செய்யலாகாதா? மகளுக்கு வரன் தேடும் தந்தை விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் கண்டதைக் கண்ட அளவே கொள்ளட்டும். காணாததை ‘அறியேன்’ என்று சொல்லட்டும். நல்லெண்ணமாகிய ஹுஸ்னுள்ளன் என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று; பின்சாளரத்தை மூடிவிட்டு, போதிய ஒளி வரும்வரை பொறுத்திருப்பதே அது.

வல்ல ரஹ்மான் அப்பொறுமையை நமக்கு அருள்வானாக! ஆமீன்.