தீர்ப்பை நிறுத்தி வைத்த கிரேக்க ஞானி



ஆலையில் இரவு ஷிப்டில் விளக்கொளியில் கருநீலமாகத் தோன்றிய துணி, விடிந்தபின் வாசலில் விரித்தால் கறுப்பாயிருக்கும். அதன் மெய்ந்நிறம் யாதென்று தோழரோடு கைகலக்கும் வரை வாதாடியிருக்கிறோம்.

இத்தகைய வழக்குகளுக்குத் தீர்ப்புரைக்க மறுத்த ஞானி ஒருவர் கிரேக்க நாட்டு எலிஸ் நகரில் இருந்தார். பெயர் பிர்ரோ, காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அலெக்சாந்தரின் படையெடுப்பின்போது இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்த ஆடையற்ற துறவிகளோடு அளவளாவினார் என்று டயோஜீனஸ் லயர்ட்டியஸ் எழுதியுள்ளார். அத்துறவிகள் பௌத்தரே என்று பெருமை பேச நமக்குச் சான்றில்லை.

தேன் இனிப்பதாகத் தோன்றுவதை அவர் வழியினர் மறுப்பதில்லை. இயல்பிலேயே அது இனியதா என்னும் வினாவுக்கு மட்டும் தீர்ப்பை நிறுத்தி வைப்பர். அப்பெல்லீஸ் என்னும் ஓவியர் குதிரை வாயின் நுரையை எழுத முயன்று முயன்று தோற்றுச் சலித்து, தூரிகை துடைக்கும் கடற்பஞ்சைப் படத்தின்மேல் வீசினாராம். வீசிய இடத்தில் நுரை அமைந்துவிட்டது. தீர்ப்பை விட்டவர்க்கு அமைதி வந்ததும் அவ்வாறே என்று, பின்வந்த மருத்துவர் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் உரைக்கின்றார்.

இயல்பிலேயே உயர்ந்ததென்றும் இழிந்ததென்றும் எதுவுமில்லை, வழக்கமே அவ்வாறு வகுத்தது என்றார் பிர்ரோ. எலிஸ் நகரத்தார் அவரைத் தலைமைப் பூசாரியாக்கிப் போற்றினர். அவரோ கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார், வீட்டைப் பெருக்கினார், பன்றியையும் குளிப்பாட்டினார். தொழிலைச் சொல்லி இழிபிறப்பென்று முத்திரை குத்தப்பட்ட நாம் இதை எளிதில் கடந்து செல்லவியலுமா?

பசியும் குளிரும் எவரையும் வருத்தும் என்று செக்ஸ்டசே ஒப்புகின்றார். ஆனால் அது இயல்பிலேயே தீமை என்று நம்புவோன் இருமுறை வருந்துகின்றான் என்பார். நம் முன்னோர் பட்டதும் இவ்விரட்டைத் துயரே. வசை ஒன்று, அவ்வசை மெய்யென்ற நம்பிக்கை மற்றொன்று.

எனினும், நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி வாழ்க என்று அவர் சொல்லுமிடத்தில் நாம் அவரோடு செல்லோம். உலகம் நித்தியமா அநித்தியமா என்ற மாலுங்கியபுத்தரின் வினாவுக்குப் பகவான் விடை கூறாதிருந்தார். துக்கத்திற்குக் காரணம் உண்டா என்பதற்கோ அவர் தீர்ப்பை நிறுத்தி வைக்கவில்லை.