துடைப்பதற்கு முன்

துடைக்கும் வேலை பெண்ணுடையது. எது அழுக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவளிடம் இருந்ததில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக் கண்ணாடி நெகட்டிவ்களைப் பற்றிப் படித்தபோது இதுதான் மனதில் ஓடியது.

அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஜெலட்டின் பூச்சு. அதில் வெள்ளித் துகள்கள் கறுத்துப் புள்ளிகளாகியிருக்கும் நட்சத்திரங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவற்றை உற்றுப் பார்த்துக் கணக்கெடுத்தவர்கள் பெண்கள். 'கம்ப்யூட்டர்' என்பது அன்று அவர்களுடைய வேலையின் பெயர். பலருக்குக் கூலி மணிக்கு 25 சென்ட். தட்டின் மறுபக்கத்தில், வெறும் கண்ணாடி மேல், மையால் வட்டமிட்டார்கள், எண் எழுதினார்கள். இந்த உழைப்பிலிருந்துதான் ஹென்றியேட்டா லீவிட், ஒருவகை நட்சத்திரங்களின் ஒளி மாறும் காலத்துக்கும் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். அண்டத்தின் தூரங்களை அளக்க அது வழி திறந்தது. 1912இல் வெளியான அறிக்கையின் முதல் வரி அதைத் தயாரித்தவர் லீவிட் என்றது. கீழே இருந்த கையெழுத்தோ இயக்குநர் பிக்கரிங்குடையது.

இந்த நூற்றாண்டில் தட்டுகளை ஸ்கேன் செய்தபோது அந்த மை தடையானது. மைக்கு அடியிலிருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை அளக்க முடியாது. ஆகவே குறிப்புகளை முதலில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு துடைத்தார்கள். வரலாற்று முக்கியத்துவம் கருதிச் சில தட்டுகளை மட்டும் அப்படியே விட்டார்கள்.

அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. நூறாண்டு வானத்தை இவ்வளவு முழுமையாக வேறெங்கும் பார்ப்பது அரிது. என் கேள்வி, முக்கியம் என்ற சொல்லைப் பற்றியது. புகழ்பெற்றவரின் கோடு தப்பிக்கும். பக்கத்து மேசையில் அதே கூலிக்கு அதே வட்டத்தைப் போட்டவளின் கோடு?

இங்கேதான் நானோ பொருட்கள் கேள்வியைக் கூர்மையாக்குகின்றன. ஜெலட்டின் நீர் பட்டால் ஊறி உப்பிவிடும். அதனால் இத்தகைய தட்டுகளைச் சுத்தம் செய்வது எப்போதும் ஆபத்தான வேலை. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஓவியங்களுக்காகவும் காகிதங்களுக்காகவும் உருவாக்கிய ஜெல்கள், மிக நுண்ணிய வலைக்குள் நீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகின்றன. தேவையான அளவுக்கு வெட்டி, தேவையான இடத்தில் மட்டும் வைக்கலாம். பழைய புகைப்படங்களைக் காப்பதற்கும் வேண்டியது இந்தக் கட்டுப்பாடுதான்: கைரேகைக் கறையை எடுக்கவும், அருகிலிருக்கும் எழுத்தைத் தொடாமல் விடவும் முடிகிற நிலை.

கருவி முரடாக இருந்தவரை, 'வேறு வழியில்லை' என்று சொல்லித் தப்பிக்கலாம். கருவி நுண்மையானதும் அந்தச் சாக்கு போய்விடுகிறது. இனி அழிவது ஒவ்வொன்றும் யாரோ எடுத்த முடிவு.

நட்சத்திரத்தின் மேலேயே கோடு விழுந்திருந்தால் எந்த ஜெல்லும் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றாது. அப்போது துடைக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் யார் முடிவு செய்தார், எதற்காக என்பதை அந்தத் தட்டின் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்த முடிவை எடுக்கும் மேசையில் வானியலாளரோடு, பெண்களின் உழைப்பை ஆராய்பவருக்கும் இடம் வேண்டும். விட்டுவைக்க வேண்டியவற்றின் பட்டியலைப் பெயர் தெரிந்தவர்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் பெயர் தெரியாதவர்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். லீவிட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மற்றவளுக்கு இருப்பது அந்த மைவட்டம் மட்டும்தான்.